‘ம’ என்றால் தூக்கு

போன சனிக்கிழமை நீங்கள் நாலு பேரும் பயிற்சி எடுத்தபோது நான் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். ஆட்டத்தைப் பார்க்க வரவில்லை. பெண்ணைத் தலைக்கு மேலே தூக்குவதற்கு முன்னால் ஜோடிகள் என்ன வார்த்தை சொல்லிக்கொள்கிறீர்கள் என்று காது கொடுத்துக் கேட்க வந்தேன். கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உங்களில் இரண்டு பேருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். வீட்டில் அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பர்மிய மொழியில் எழுதித் தரலாமே என்பீர்கள். முடியாது. இந்த ஒரு விஷயத்தில் என் பர்மிய மொழியை நம்பி நான் கெட்டிருக்கிறேன், இன்னொரு ஆளையும் கெடுத்திருக்கிறேன்.

பனிக்கட்டித் தரையில் வழுக்கி ஆடுகிறவர்களை நாங்கள் வீடியோ கேசட்டில்தான் பார்த்திருக்கிறோம். எங்களுக்குக் கிடைத்தது போட்டாதாங் ஆற்றோரத்தில் ஒரு பழைய அரிசிக் கிடங்கு. சிமெண்டுத் தரை, தகரக் கூரை, நாலு சக்கர ஸ்கேட். ஆனால் ஜோடி ஆட்டம் ஜோடி ஆட்டம்தான். ஆண் தூக்குவான், பெண் மேலே போவாள், விழுந்தால் சிமெண்டு பனிக்கட்டியைவிடக் கொஞ்சமும் மெத்தென்று இருக்காது.

எங்கள் வீட்டில் எல்லாரும் மிஷன் பள்ளியில் படித்து ஆபீஸில் எழுதிப் பிழைத்தவர்கள். யார் எதைச் சொன்னாலும் இரண்டு தரம் சரிபார்ப்பது எங்கள் ரத்தத்தில் ஊறியது. எனக்கு அது மற்றவர்களைவிடக் கூடுதல். பயிற்சிக்கு முன்னால் எட்டுச் சக்கரத்தையும் விரலால் சுழற்றிப் பார்ப்பேன். என் ஜோடி பார்த்து முடித்த பிறகும் பார்ப்பேன். என் பையை வேறு யாராவது நகர்த்தி வைத்திருந்தால் அன்றைக்கு முழுக்க அவர்களை முறைப்பேன். ஒருநாள் இடது ஸ்கேட்டில் ஒரு நட்டு தளர்ந்திருந்தது. ஒரு வாரம் அந்தக் கிடங்கில் நான் சந்தேகப்படாத ஆள் இல்லை, கூரையில் இருந்த புறாவைக்கூட விடவில்லை. கடைசியில் பார்த்தால், நட்டை முடுக்கிக்கொண்டிருந்தபோது டீ வந்துவிட்டது என்று நானே பாதியில் எழுந்து போயிருக்கிறேன். சிரியுங்கள். ஆனால் சக்கரத்தைச் சந்தேகப்படுவது நல்ல பழக்கம், அதை விட்டுவிடாதீர்கள். சக்கரம் வருத்தப்படாது.

என் ஜோடியின் பெயர் கோ மியோ. வீட்டில் முருகையா. லான்மடாவில் அவர்களுக்குச் சின்னதாகச் சாமான் கடை இருந்தது. தாத்தா காலத்தில் துறைமுக வேலைக்கு வந்த குடும்பம். தமிழ் பேசுவார், ஆனால் அவசரத்தில் வாயில் வருவது பர்மிய மொழிதான். என்னைவிட மூன்று வயது பெரியவர், வாய் அதிகம் பேசாதவர். ஏழு வருஷம் சேர்ந்து ஆடினோம். அந்த ஏழு வருஷத்தில் அவர் என்னைத் தலைக்கு மேலே எத்தனை தரம் தூக்கியிருப்பார் என்று எண்ணியவர் இல்லை. ஒருமுறைகூடக் கீழே போட்டதில்லை.

தூக்கும்போது பேச நேரம் இருக்காது. அதனால் இரண்டே வார்த்தை வைத்திருந்தோம், இரண்டும் பர்மிய மொழியில். ‘ம’ என்றால் தூக்கு. ‘ம ம னெ’ என்றால் தூக்காதே. இந்த இரண்டாவதைச் சொல்ல வேண்டி வந்ததே அபூர்வம், வந்தபோதும் மெதுவான பயிற்சியில்தான். சொல்வது எப்போதும் நான். வேகமெடுக்கும்போது அவர் என் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாகப் போவார். அவருக்குப் பின்னால் தரை எப்படி இருக்கிறது, எதிரே யார் வருகிறார்கள் என்பதெல்லாம் எனக்குத்தான் தெரியும். நான் ‘ம’ என்று சொல்லிக் குதித்தால் அவர் தூக்குவார். கிடங்கில் எல்லா ஜோடியும் அதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். நீங்களும் அதைத்தான் சொல்கிறீர்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். வெளிநாட்டில் நடக்கும் போட்டிக்கு ஒரே ஒரு ஜோடியை அனுப்புவதாகப் பேச்சு வந்தது. போட்டியில் இருந்தது நாங்களும், மா எய் என்ற பர்மியப் பெண்ணும் அவள் ஜோடியும். மா எய்க்குப் பத்தொன்பது வயது. என்னைவிட எட்டு கிலோ குறைவு. அடேயப்பா, அந்த எட்டு கிலோவை நான் நினைக்காத நேரமில்லை.

அந்தச் சமயத்தில் கோ மியோ ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியை நிறுத்தினார். கேட்டால் கியாக்தானில் அத்தைக்கு உடம்பு சரியில்லை, பஸ் பிடித்துப் போய்விட்டு வருகிறேன் என்றார். முதல் வாரம் நம்பினேன். இரண்டாவது வாரம் அத்தைக்கு என்ன உடம்பு என்று வாயைக் கிண்டினேன். மனிதர் காலைப் பார்த்தார், கையைப் பார்த்தார், வயிற்று வலி என்றார். மூன்றாவது ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்ததும் நான் நேரே கிடங்குக்குப் போனேன். கதவு இடுக்கில் பார்த்தேன். மா எய் அவர் கைமேல் இருந்தாள். காகிதம் மாதிரி தூக்கி வைத்திருந்தார்.

எங்களுக்குப் பயிற்சி தந்த சயாமாவும் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். டீச்சரம்மாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். ஆக, டீச்சருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் காதில் பூ.

உள்ளே போய் அங்கேயே கேட்டிருக்கலாம். அதுதான் நான் செய்திருக்க வேண்டியது. கேட்கவில்லை. வீட்டுக்குப் போனேன். அதற்குப் பிறகு மூன்று வாரம், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவரைப் பார்த்தேன். நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால், எடையைக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். தூக்கி இறக்கியதும் மணிக்கட்டை உதறினால், மற்றவர்கள் பார்க்கட்டும் என்று உதறுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். தூக்கப்படுகிறவள் தன் எடை முழுவதையும் கொடுத்துவிட வேண்டும். பயந்து பாதியைப் பிடித்து வைத்துக்கொண்டால் கீழே இருக்கிறவனுக்குப் பாரம் இரட்டிப்பாகும். நான் அந்த மூன்று வாரமும் பாதியைத்தான் கொடுத்தேன். மணிக்கட்டு ஏன் வலித்தது என்று இப்போது தெரிகிறது.

தேர்வு நாளன்று மதியத்திலிருந்தே மழை. தகரக் கூரை சத்தத்தில் கேசட் பாட்டே பாதிதான் கேட்டது. தேர்வுக் குழுவில் மூன்று பெரியவர்கள், மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒழுகிய இடத்தையெல்லாம் துணி போட்டுத் துடைத்து வைத்திருந்தார்கள். ஆட்டம் நன்றாகத்தான் போனது. பெரிய தூக்கலுக்காக வேகமெடுத்து வரும்போது அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தேன். துடைத்த இடத்தில் மறுபடி தண்ணீர், ஒரு தட்டு அகலத்துக்கு. இரண்டு மூச்சு நேரத்தில் அவர் சக்கரம் அதில் ஏறும்.

நான் ‘ம ம னெ’ என்றேன். தூக்காதே என்றேன்.

அவர் தூக்கினார்.

மேலே போகும்போது என் மனதில் வந்தது ஒன்றுதான்: வேண்டுமென்றே செய்கிறான். யோசித்து வந்த நினைப்பு இல்லை, மூன்று வாரமாக உள்ளே தயாராக உட்கார்ந்திருந்தது எழுந்து வந்தது. அந்த நேரத்தில் மேலே இருப்பவள் செய்ய வேண்டியது அவர் கையை இறுக்கிப் பிடித்து உடம்பைச் சுருட்டி அவர்மேலேயே விழுவது. ஆயிரம் தடவை பழகியது. நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். தப்பித்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன். அவர் சக்கரம் தண்ணீரில் வழுக்கியது, அவர் ஒரு பக்கம் போனார், நான் தோள்பட்டையில் சிமெண்டில் விழுந்தேன். காறை எலும்பு முறிந்தது. கையைத் தட்டிவிட்டதை அன்றைக்கு நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

மறுநாள் சாயங்காலம் அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் வாழைப்பழச் சீப்பு. வார்டு வாசலிலேயே நின்றார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“நீ ‘ம’ன்னு சொன்னே ஸ்டெல்லா,” என்றார்.

“பொய் சொல்லாதீங்க,” என்றேன்.

அவர் பழத்தைப் பக்கத்துக் கட்டில்காரம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்கு மறுநாள் குழுவிலிருந்து வந்தார்கள். தூக்காதே என்று சொன்னீர்களா என்று கேட்டார்கள். சொன்னேன் என்றேன். அவருக்குக் கேட்டிருக்குமா என்று கேட்டார்கள். முகத்துக்கு முகம் ஒரு சாண் தூரம், கேட்காமல் எப்படி இருக்கும் என்றேன். அப்படியானால் தெரிந்தே தூக்கினாரா என்றார்கள். நான் சட்டென்று பதில் சொல்லவில்லை, அதை மட்டும் எனக்குச் சாதகமாக எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஆமாம் என்றேன். எழுதிக் கொடுக்க முடியுமா என்றார்கள். வலது கையில் கட்டுப் போட்டிருந்தது, இடது கையால் கையெழுத்துப் போட்டேன்.

ஜோடி ஆட்டத்தில் தூக்குகிறவனுக்கு இருக்கிற ஒரே சொத்து, இவன் கையில் பெண்ணை விடலாம் என்ற பேர். அந்தப் பேர் அன்றைக்குப் போயிற்று. குழு அவரை ஜோடி ஆட்டத்திலிருந்து விலக்கியது. விலக்காவிட்டாலும் எந்தத் தாய் தன் மகளை அவர் கையில் கொடுப்பாள்? மா எய் ஜோடி வெளிநாட்டுக்குப் போனது. கோ மியோ போட்டாதாங் படகுத்துறையில் சரக்குக்குச் சீட்டு எழுதும் வேலைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு வருத்தம் இருந்ததா என்றால், இல்லை. நியாயம் நடந்தது என்றுதான் நினைத்தேன். ராத்திரி நன்றாகத் தூங்கினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் தூங்கினேன்.

இரண்டு வருஷம் போயிற்று. தோள் சரியாக வரவில்லை, ஸ்கேட்டைப் பரண்மேல் போட்டுவிட்டு லான்மடாவில் ஒரு கண்ணாடிச் சாமான் கடையில் பில் எழுதப் போனேன். ஒருநாள் காலை, கடை வாசலில் டம்ளர் பெட்டிகளை இறக்கினார்கள். ஒரு பெட்டியின் அடிப்பக்கம் நனைந்து பிரிந்திருந்தது. அதைத் தூக்க ஒரு சுமை தூக்குகிறவர் குனிந்தார், என் அப்பா வயது இருக்கும், பர்மியர். நான் கல்லாவிலிருந்து ‘ம ம னெ’ என்று கத்தினேன். அவர் தூக்கினார். அடி பிளந்து அத்தனை டம்ளரும் தெருவில்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. தூக்காதே என்று தொண்டை கிழியக் கத்துகிறேன், உங்களுக்குக் காது இல்லையா என்று கேட்டேன். அவர் நிதானமாகக் கண்ணாடித் துண்டைக் காலால் ஒதுக்கினார். அவர் பர்மிய மொழியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

“அம்மா, நீங்க தூக்குன்னு சொன்னீங்க. நான் குனியறதுக்குள்ள மறுபடியும் தூக்குன்னு சொன்னீங்க. அவசரப்படுத்தறீங்கன்னு வேகமாத் தூக்கிட்டேன்.”

நான் மறுபடி சண்டைக்குப் போனேன். அவர் பொறுமையாகச் சொல்லிக் காட்டினார். பர்மியர் வாயில் அந்த முதல் ‘ம’ காற்று மாதிரிதான் வரும், இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. அது ‘வேண்டாம்’ என்பதற்கான ‘ம’. இரண்டாவதுதான் அழுத்தமாக வரும், அது ‘தூக்கு’ என்கிற ‘ம’. நாம் தமிழ் நாக்கு. எந்த எழுத்தையும் விழுங்க நமக்கு மனம் வராது. முதல் ‘ம’வையும் முழுசாக, கணீரென்று சொல்கிறோம். கேட்கிறவன் காதில் விழுவது தூக்கு, தூக்கு. கடைசியில் வரும் ‘னெ’ போய்ச் சேர்வதற்குள் அவன் தூக்கியிருப்பான். அதுவும் மழைச் சத்தத்தில், அதுவும் பர்மிய மொழியிலேயே யோசிக்கிற ஒருவன்.

நான் கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதலாளி, டம்ளருக்காகக் கலங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு, போகட்டும் விடு என்றார்.

அன்றைக்கு மதியமே போட்டாதாங்குக்குப் போனேன். கோ மியோ மூட்டைகளுக்கு நடுவில் பலகைமேல் உட்கார்ந்து சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். உடம்பு பெருத்திருந்தது. நான் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன், முதல் ‘ம’, இரண்டாவது ‘ம’, சுமைக்காரர், நான் கையைத் தட்டிவிட்டது எல்லாம். ஞாயிற்றுக்கிழமை விஷயத்தையும் கேட்டேன். மா எய்யின் ஜோடிக்கு அப்போது முதுகு பிடித்திருந்ததாம். பயிற்சி விட்டுப்போகக் கூடாது என்று சயாமாதான் இவரைத் தூக்கிவிடச் சொன்னாராம். ஸ்டெல்லாவுக்குத் தெரிந்தால் வேறு மாதிரி எடுத்துக்கொள்வாள், சொல்லாதே என்றாராம். வயிற்று வலி அத்தையே கிடையாது.

எல்லாம் கேட்டுவிட்டு அவர் பேனாவை மூடினார்.

“எனக்கு நீ சொன்னது எப்படிக் கேட்டுச்சுன்னு அன்னிக்கே வந்து சொன்னேனே,” என்றார். “அந்த மூட்டைக்காரரு சொன்னதும் நம்பிட்டே.”

அங்கேயே அழுதேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

குழுவிடம் போய் என் கையெழுத்தை வாபஸ் வாங்கினேன். அதற்குள் குழுவில் ஒருவர் மாறியிருந்தார். மற்ற இரண்டு பேரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். அன்றைக்கு இவள் சொன்னது பொய்யா, இன்றைக்குச் சொல்வது பொய்யா என்ற பார்வை. எனக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும், நானே பார்த்துப் பழகியது. ஆனாலும் அவர்மேல் போட்ட தடையை எடுத்தார்கள். எடுத்தாலும் அவருக்கு ஜோடியாக எந்தப் பெண்ணும் வரவில்லை. அப்படியானால் நான்தான் வர வேண்டும் என்று நினைத்தேன். என்னைத் தூக்கி, எல்லார் கண் முன்னாலும் பத்திரமாக இறக்கினால் போதும், போன பேர் திரும்பிவிடும்.

அவர் ஒத்துக்கொள்ள நாலு மாதம் ஆனது. தோளுக்குப் பயிற்சி செய்தேன், எடை குறைத்தேன். வார்த்தையை மாற்றினோம். தூக்க ‘தூக்கு’, கூடாதென்றால் ‘வேணாம்’. இரண்டும் தமிழ், இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்காது. சயாமா மட்டும் இருக்கும் பயிற்சியில் அவர் என்னைப் பழையபடி தூக்கினார். என் எடை முழுவதையும் கொடுத்தேன், ஒரு பிடிகூட மிச்சம் வைக்காமல். ஏழு வருஷத்தில் அப்படிக் கொடுத்ததில்லை.

மழையெல்லாம் முடிந்து, நல்ல வெயில் காலத்தில் உள்ளூர்ப் போட்டி வந்தது. தரை காய்ந்து பளபளவென்று இருந்தது. மூன்று பெரியவர்களும் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு தெளிவாகக் கேட்டது. பெரிய தூக்கலுக்கு வேகமெடுத்தோம். அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. “தூக்கு” என்றேன்.

அவர் கை என் இடுப்பில் இருந்தது. தூக்கவில்லை.

காதில் விழவில்லை போல என்று, மூலை திரும்பியதும் இன்னும் சத்தமாகச் சொன்னேன். மேசையில் இருந்தவர்களுக்கே கேட்டிருக்கும். அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார், கோபம் எதுவும் இல்லை.

“நீ சொல்றது கேக்குது ஸ்டெல்லா,” என்றார். “இன்னிக்கு என்ன சொன்னேன்னு நாளைக்குச் சொல்லுவியோ, அதுதான் தெரியல.”

மீதி ஆட்டத்தைத் தரையிலேயே ஆடி முடித்தோம்.